நுரையாலான மகிழுந்து

ஸ்வீடிஷ் மொழியில் காருக்குப் பெயர் 'பீல்'. பன்மையில் 'பீலார்'. ஆட்டோமொபீல் என்ற நெடுஞ்சொல்லின் தலையையும் உடலையும் வெட்டிவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். புதிதாக வந்திருந்த அந்த ஊர்திக்கு நல்ல பெயர் சொல்லுங்கள் என்று 1902ஆம் ஆண்டில் டென்மார்க்கின் 'பொலிட்டிகன்' நாளிதழ் போட்டி ஒன்று வைத்தது. அதில் கிடைத்த சொல் இது; பிறகு அண்டை நாடுகளுக்கும் பரவியது. நம்மவர்கள் அதே ஊர்திக்கு 'மகிழுந்து' என்று பெயரிட்டார்கள். வகுப்பில் இச்சொல்லைச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். கடன் தவணையும் பெட்ரோல் விலையும் அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். இதில் மகிழ என்ன இருக்கிறது என்பது அவர்களுடைய கேள்வி.

அச்சொல்லுக்கு முற்றிலும் பொருந்திய ஒரு வண்டியை நான் ஸ்வீடனில்தான் கண்டேன். ஓர் அங்குலம் இருக்கலாம். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், காற்று ஆகியவற்றால் ஆனது. வெள்ளை, இளஞ்சிவப்பு, இளம்பச்சை என மூன்று நிறங்களில் வரும். அடிப்பாகம் தட்டையாகவும் மேற்பாகம் பழங்காலக் கார் ஒன்றின் கூரையைப் போல் வளைந்தும் இருக்கும். வாயில் போட்டால் முதலில் சற்று எதிர்த்து, பின் விட்டுக்கொடுத்து, நுரையாகிக் கரையும். 'ஆல்கிரென்ஸ் பீலார்' என்பது அதன் பெயர். ஆல்கிரெனின் கார்கள் என்று பொருள்.

ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே, கடலோரத்தில் யேவ்லே என்றொரு துறைமுக நகரம் உள்ளது. அங்கே 1885ஆம் ஆண்டில் ஃப்ரெட்ரிக் ஆல்கிரென் என்பவர் ஓர் ஆலையைத் தொடங்கினார். 1909இல் அந்நிறுவனம் கொண்டுவந்த 'லேக்கரோல்' என்ற தொண்டை மிட்டாய் நாடெங்கும் புகழ்பெற்றது. கார்கள் பிறந்தது 1953இல். அவை பிறந்த கதையை நிறுவனத்தார் இவ்வாறு சொல்வதுண்டு: மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு மிட்டாயைச் செய்து பார்க்க முயன்றார்கள், அது சரிவரவில்லை, வந்து விழுந்த உருவங்களைப் பார்த்தபோது கார்களைப் போலத் தோன்றின, அப்படியே வைத்துக்கொண்டார்கள். எவ்வளவு உண்மையோ, நல்ல கதை. பொருள்களுக்கு இத்தகைய தலபுராணங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

நுரை மிட்டாய் செய்யும் முறை எளியது. ஜெலட்டினைக் கரைத்துச் சூடான பாகுடன் சேர்த்து வேகமாக அடித்தால் உள்ளே காற்று சிறைப்படும். தட்டுகளில் மாவுச்சத்துப் பொடியைப் பரப்பி, அச்சால் அழுத்திக் குழிகள் செய்து, அவற்றில் இந்த நுரையை ஊற்றுவார்கள். பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, நுரை இறுகி உருவம் பெறும். சுவையில் பாதி இந்தக் காற்றுதான். அதை விற்கக் கற்ற தொழிலைப் பற்றிக் கேலி பேசலாம்தான். ஆனால் நம் பஞ்சுமிட்டாயும் அதே தொழில்தானே.

1950களின் ஸ்வீடன் ஐரோப்பாவிலேயே கார்கள் மிகுந்த நாடுகளில் ஒன்று. போரில் சிக்காத தொழிற்சாலைகள், உயரும் கூலி, எல்லோருக்கும் ஒரு வீடு என்று நாட்டையே ஒரு குடும்பமாகக் கற்பனை செய்த அரசியல் ஆகிய மூன்றும் சேர்ந்து சாதாரணத் தொழிலாளியின் வாசலில் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்திய காலம். அப்பாவுக்கு வோல்வோ, பிள்ளைக்கு ஆல்கிரென். 'ஸ்வீடனில் மிக அதிகமாக வாங்கப்படும் கார்' என்பதே இந்த மிட்டாயின் விளம்பர வாசகமாயிற்று. அதை மறுக்க யாராலும் முடியவில்லை. உண்மையான கார்களின் கதை வேறுவிதமாகப் போயிற்று. வோல்வோ கார் நிறுவனம் 1999இல் அமெரிக்க ஃபோர்டிடமும் 2010இல் சீனாவின் ஜீலியிடமும் சென்றது. சாப் கார் நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாயிற்று. நுரைக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

*

நான் இவற்றை அறிய நேர்ந்தது 2023 கோடை விடுமுறையில். அக்காவின் குடும்பம் கோதன்பர்க் நகரில் இருக்கிறது. அத்தானுக்கு அங்கே கார் ஆலை ஒன்றில் வேலை. அம்மா 2021இல் இறந்த பிறகு, தம்பியை ஒருமுறையாவது கூட்டிக்கொண்டு வா என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். தம்பிக்கு அப்போது 38 வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவன். இருபது முப்பது சொற்களுக்குள் அவனுடைய மொழி முடிந்துவிடும். ஓடும் வண்டி எல்லாமே அவனுக்கு 'பஸ்ஸு'. ஊரில் பேருந்து நிலையத்துக்கு எதிரே, பூட்டிய கடையொன்றின் படியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பேருந்துகளைப் பார்ப்பதுதான் அவனுடைய வாழ்க்கை.

அந்தப் பேருந்து நிலையத்தில் அவனைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவனுக்கு ஏதாவது தருவார்கள். தேன்மிட்டாய், கடலைமிட்டாய், எல்லாவற்றுக்கும் மேலாகக் கமர்கட்டு. அன்பு காட்டவும் அதுதான், சத்தம் போடாமல் இருக்கச் செய்யவும் அதுதான். கமர்கட்டு எளிதில் கரையாது. கடைவாயில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும். முப்பது வயதுக்குள் அவனுடைய கடைவாய்ப் பற்கள் கறுத்துப் பொடிந்தன. வலிக்கிறது என்று சொல்ல அவனிடம் சொல் இல்லை. சோற்றைத் தள்ளுவான், சுவரில் தலையை மோதுவான். அம்மாதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள்.

மருத்துவர் ஒருவர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "இவனுக்கெல்லாம் எதுக்கும்மா வேர் வைத்தியம்? எல்லாத்தையும் எடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு" என்றார். அவர் கெட்டவரில்லை, அன்றைக்குக் காத்திருந்த கூட்டம் அப்படி. ஆனால் அந்த 'இவனுக்கெல்லாம்' என்ற சொல் அம்மாவின் நெஞ்சில் தைத்தது தைத்ததுதான். 2016இல் மயக்க மருந்து கொடுத்து எட்டுப் பற்களைப் பிடுங்கினார்கள். விழித்தெழுந்தவன் நாவால் தடவித் தடவி இடைவெளியைத் தேடிக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பான் என்பது வேறு.

கோதன்பர்க்கில் அவன் நுரைக் காரைக் கண்டுகொண்டது இயல்பாகவே நடந்தது. அங்குள்ள பல்பொருள் அங்காடிகளில் ஒரு சுவர் முழுக்க மிட்டாய்ப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மூடியைத் திறந்து, சிறு கரண்டியால் வேண்டியதை அள்ளிக் காகிதப் பையில் போட்டுக்கொள்ளலாம். எதை எடுத்தாலும் ஒரே விலை, எடைக்கணக்கு. 1980களில் இந்த முறை பரவியதாம். அக்கா மகளுக்கு வயது பதினொன்று. அவள் தன் சின்ன மாமா கையில் ஒரு கரண்டியைக் கொடுத்து, "எது வேணும்னாலும் எடுங்க மாமா" என்றாள். அவன் கரண்டியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு அதைத் திரும்ப வைத்துவிட்டு, பக்கத்து அடுக்கில் தொங்கிய ஒரு பையை எடுத்தான். பையின் மேல் கார் படம். "பஸ்ஸு" என்றான்.

கடைவாய்ப் பற்கள் இல்லாதவனுக்கு ஏற்ற மிட்டாய் அது. மேலண்ணத்தில் வைத்து நாவால் அழுத்தினாலே கரைந்துவிடும். ஆனால் அவன் உடனே தின்னவில்லை. வீட்டுச் சன்னல் திண்டில் நிறம் நிறமாக வரிசை கட்டினான். எல்லா வண்டிகளும் ஒரே திசையில் முகம் வைத்திருக்க வேண்டும். மூன்று நிறத்துக்கும் ஒரே ருசிதான் என்று அத்தான் சொல்ல, பச்சைக்குத் தனி ருசி என்று மகள் சண்டைக்கு நின்றாள். தம்பி வெள்ளையைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தான். அவனுக்கு அதில் ஏதோ ஒரு கொள்கை இருந்தது. பகலெல்லாம் காற்றில் கிடந்து கொஞ்சம் காய்ந்த பிறகுதான் இதற்கு உண்மையான ருசி என்று பக்கத்து வீட்டு மூதாட்டி சொல்லியிருந்தார். எனவே எங்கள் வீட்டுப் போக்குவரத்து நெரிசலை யாரும் கலைக்கவில்லை.

மறுநாள் அவன் இன்னொரு பை கேட்டு நின்றபோதுதான் நான் 'லோர்தாக்ஸ்கோடிஸ்' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். சனிக்கிழமை இனிப்பு. "மாமா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. சனிக்கிழமைதான் மிட்டாய்" என்று மருமகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவள் வகுப்பில் எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். அவன் முரண்டு பிடித்தான். அவள் ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, ஏழாவதில் ஒரு கார் வரைந்து சுவரில் ஒட்டினாள். நாளுக்கொரு கட்டத்தை அவனே அடித்துக்கொண்டு வந்தான். மூன்றாம் வாரத்தில் அவன் வாயில் 'சனி' என்ற சொல் வந்தது. வெள்ளி, செவ்வாய் எதுவும் அறியாதவன். 38 ஆண்டுகளில் அவனுக்குக் கிழமை என்ற ஒன்று கிடைத்தது ஒரு மிட்டாயால்தான்.

*

லோர்தாக் என்ற கிழமைப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. பழைய நார்டிக் மொழியில் அது குளியல் நாள். மற்றக் கிழமைகள் தெய்வங்களின் பெயரைத் தாங்கி நிற்க, இந்த ஒருநாள் மட்டும் வாரத்தின் அழுக்கைக் கழுவும் நாளாக நின்றுவிட்டது. ஆத்திசூடியில் ஒளவை நீராடச் சொல்லும் இடத்தைச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்று பொருள்கொள்வோர் நம்மிடையே உண்டு. இவ்வளவு தொலைவில் இரு கூட்டத்தார் ஒரே கிழமையைத் தலைமுழுகத் தேர்ந்துகொண்டிருப்பதை அக்காவிடம் சொல்லி வியந்தேன். அக்கா, "அது சரி, மிட்டாய்க்கு ஏன் சனிக்கிழமைன்னு கேளு" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டாம் என்று இருந்திருக்கிறாள்.

ஸ்வீடிஷில் நுரைக்கு 'ஸ்கும்' என்று பெயர். அதே சொல் பெயரடையாக வந்தால் மங்கலான, ஐயத்துக்கிடமான என்று பொருள்படும். சனிக்கிழமை இனிப்பின் பின்புலம் இந்த இரண்டாவது பொருளைச் சேர்ந்தது.

1930களில் ஸ்வீடன் மக்களின் பற்கள் மிக மோசமாக இருந்தன. படையில் சேர வந்த இளைஞர்களில் ஏறத்தாழ அனைவருக்கும் சொத்தை. 1938இல் அரசு பொதுப் பல்மருத்துவச் சேவையைத் தொடங்கியது. ஆனால் சொத்தை எதனால் வருகிறது என்பதே அன்று உறுதியாகத் தெரியாது. சர்க்கரை காரணம் என்பது ஊகம், மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்க வேண்டுமென்றால் ஒரே இடத்தில், ஒரே உணவை உண்டு, பல ஆண்டுகள் வெளியே போகாமல் இருக்கும் மனிதர்கள் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் தெற்கே லுண்ட் நகரில் இருந்தார்கள். 1935இல் தொடங்கப்பட்ட வீப்பெஹோல்ம் மருத்துவமனையில்.

அங்கே வைக்கப்பட்டிருந்தவர்கள் என் தம்பியைப் போன்றவர்கள். அவர்களைக் குறிக்க அன்றைய அலுவலக மொழி 'ஒபில்ட்பாரா' என்ற சொல்லைக் கையாண்டது. கல்வியால் உருவாக்க முடியாதவர்கள் என்று பொருள். காரைக் குறிக்கும் பீலுக்கும் இதற்கும் வேர் வேறு. ஆனால் தம்பி அடுத்த அறையில் வண்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது இச்சொல்லை வாசித்தவனுக்கு, அதற்குள்ளிருந்து அந்த ஒலியும் கேட்கத்தான் செய்தது.

அரசின் ஏற்பாட்டில் 1945இல் ஆய்வு தொடங்கியது. முதலில் உணவும் உயிர்ச்சத்தும் பற்றிய சோதனைகள். 1947இலிருந்து சர்க்கரை. நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குச் சர்க்கரையைப் பானத்தில் கலந்து உணவோடு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு இனிப்பு ரொட்டி. ஒரு குழுவுக்குச் சாக்லேட். சில குழுக்களுக்கு உணவு வேளைகளுக்கு இடையே டாஃபி; பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ளும்படி இதற்கென்றே செய்த டாஃபி. ஒரு குழுவுக்கு நாளொன்றுக்கு எட்டு. இன்னொரு குழுவுக்கு 24. செலவில் ஒரு பங்கைச் சர்க்கரை, சாக்லேட், மிட்டாய் உற்பத்தியாளர்களும் ஏற்றார்கள். பலருடைய பற்கள் மீளமுடியாதபடி அழிந்தன. முடிவுகள் 1954இல் வெளியாயின.

அறிவியலாகப் பார்த்தால் அது பெரிய கண்டுபிடிப்பு. சர்க்கரை சொத்தையை உண்டாக்குகிறது என்பது மட்டுமன்று. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம், எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருந்தது என்பதே முக்கியம் என்று தெரிந்தது. மயிற்பீலியே ஆனாலும் மிதமிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பது வள்ளுவர் வலியறிதலில் சொன்னது. இங்கே பீலியின் எடை அல்ல, ஓயாமல் ஏற்றிக்கொண்டே இருந்ததுதான் அச்சை முறித்தது. இந்த அறிவிலிருந்து 1950களின் பிற்பகுதியில் மருத்துவத் துறை பெற்றோருக்கு ஓர் அறிவுரை வகுத்தது: தின்பதை வாரத்தில் ஒருநாள் தின்னட்டும். அந்த நாள் சனிக்கிழமை ஆயிற்று. சட்டமில்லை, தண்டனையில்லை. வீடுகள் தாமாகவே ஏற்றுக்கொண்டன.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் பல்மருத்துவம் படிக்கிறாள். ஊர் திரும்பிய பின் அவளிடம் கேட்டேன். வீப்பெஹோல்ம் ஆய்வு தங்கள் பாடத்தில் இருக்கிறது, தேர்விலும் வரும் என்றாள். '24 டாஃபி குழு' என்று மனப்பாடமாக ஒப்பித்தாள். உலகமெங்கும் பல்மருத்துவ மாணவர்கள் அக்குழுவை அறிவார்கள். குழுவில் இருந்தவர்களின் பெயர் எவருக்கும் தெரியாது. 2006இல் எலின் பொம்மெனெல் என்ற வரலாற்றாய்வாளர் இச்சோதனைகளைப் பற்றி விரிவான முனைவர் பட்ட ஆய்வேட்டை வெளியிட்டார். ஸ்வீடனிலேயே இதைப் பற்றிப் பேசவும் எழுதவும் செய்கிறார்கள் என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மறைத்து வைக்கப்பட்ட ரகசியம் அல்ல அது.

ஆனால் ஓர் ஆண்டு என்னை விடவில்லை. 1947. டாஃபி கொடுக்கத் தொடங்கிய அதே ஆண்டு ஆகஸ்டில்தான், நாஜி மருத்துவர்களை விசாரித்த நீதிமன்றம் நூரம்பர்க் நெறிகளை அறிவித்தது. சோதனைக்கு உட்படும் மனிதரின் விருப்பார்ந்த ஒப்புதல் இன்றியமையாதது என்பது அவற்றுள் முதல் நெறி. கொடியவர்களுக்காக எழுதப்பட்ட நெறி என்று நல்லவர்கள் நினைத்துக்கொண்டார்கள் போலும். லுண்டில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். எல்லாக் குழந்தைகளின் பல்லையும் காக்க விரும்பிய, மக்கள்நல அரசில் நம்பிக்கை கொண்ட மருத்துவர்கள். எங்கள் ஊர் மருத்துவரும் கெட்டவரில்லை என்றேன் அல்லவா?

*

இதை ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தோம். இரவு என்றாலும் வெளியே வெயில். அத்தான் பொறியாளர், எதையும் வரவு செலவாகப் பார்ப்பவர். "மாப்ளே, நானூறு பேரோட பல்லு போச்சு. உண்மைதான், பாவந்தான். ஆனா எத்தனை கோடிப் பேரோட பல்லு தப்பிச்சிருக்கு, அதையும் பாருங்க" என்றார். பற்கள் தப்பித்ததில் ஃப்ளூரைடு கலந்த பற்பசைக்கும் பொதுப் பல்மருத்துவச் சேவைக்கும் பெரும்பங்கு உண்டு என்று நான் சொன்னேன். "சரி, இதுக்கும் கொஞ்சம் பங்கு உண்டில்லையா?" என்றார். உண்டுதான். மறுக்க முடியவில்லை.

அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கணக்கை இவன்கிட்டச் சொல்லி, சரியான்னு கேட்டுட்டு வாங்க." தம்பி சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். அன்று புதன்கிழமை. சுவரில் நான்கு கட்டங்கள் அடிக்கப்பட்டிருந்தன. அத்தான் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு நாள் நான் மட்டும் ரயிலேறி லுண்டுக்குப் போய்வந்தேன். வீப்பெஹோல்ம் வளாகத்தில் இப்போது மேனிலைப் பள்ளி நடக்கிறது. கல்வியால் உருவாக்க முடியாதவர்கள் என்று சொல்லி மனிதர்களை வைத்திருந்த இடத்தில், மிதிவண்டிகளைச் சார்த்திவிட்டுப் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் காட்சியில் ஓர் ஆறுதல் இருந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் புல்வெளியில் உட்கார்ந்து காகிதப் பையிலிருந்து எதையோ எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்று சனிக்கிழமை அல்ல. பெரியவர்கள் ஆனதும் இந்த விரதம் தளர்ந்துவிடும் என்று அக்கா சொல்லியிருந்தாள். உலகத்திலேயே மிக அதிகமாக மிட்டாய் தின்பவர்களுள் ஒருவர் ஸ்வீடன்காரர். சாக்லேட்டையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 15 கிலோ. விரதம் இருந்து வளர்ந்த நாட்டின் கணக்கு இது. சனிக்கிழமையன்று பாதி விலைக்கு விற்கும் கடைகளும் உண்டு. ஒரு நாளில் அடைத்து வைத்ததாலேயே இனிப்பு அங்கே ஒரு திருவிழாவாக வளர்ந்துவிட்டது.

அஸ்த்ரித் லின்ட்கிரென் 1946இல் எழுதிய கதையொன்றில் பிப்பி என்னும் சிறுமி ஒரு தங்க நாணயத்தைக் கொடுத்து 18 கிலோ மிட்டாய் வாங்கி ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வாரி வழங்குவாள். பங்கீட்டு அட்டையின் நினைவு மாறாத காலத்துக் கதை. அடுத்த ஆண்டில்தான் வீப்பெஹோல்மில் டாஃபி வழங்கத் தொடங்கினார்கள். இரண்டிலும் இனிப்பு இலவசம், அளவும் ஏராளம். பிப்பியிடம் கையை நீட்டிய குழந்தைகள் வேண்டுமென்று நீட்டினார்கள். வேண்டாமென்று திரும்பியும் போயிருக்கலாம். வேறுபாடு முழுவதும் அந்த ஓர் இடத்தில் இருக்கிறது. எனவேதான் அந்த மிட்டாய்ச் சுவரும் கரண்டியும் எனக்கு வெறும் வியாபார உத்தியாகத் தெரியவில்லை. 38 வயதில் என் தம்பி அங்கேதான் முதன்முறையாக, யாரும் கையில் திணிக்காமல், நெடுநேரம் யோசித்து, ஒன்றை வேண்டாமென்று வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தான்.

நுரைக் கார்கள் இப்போது யேவ்லேயில் செய்யப்படுவதில்லை. நிறுவனம் கைமாறிக் கைமாறிக் கடைசியில் குளோயெட்டாவிடம் வந்தது. யேவ்லே ஆலையை மூடும் முடிவு 2012இல் எடுக்கப்பட்டது. கார்களின் உற்பத்தி ஸ்லோவாகியாவின் லெவீட்சே நகருக்குப் போயிற்று. மக்கள்தொகை விகிதத்தில் உலகிலேயே அதிகமான கார்களை உற்பத்தி செய்யும் நாடு ஸ்லோவாகியா என்பது இங்கே நினைக்கத் தக்கது. நிஜக் கார்களோடு நுரைக் கார்களும் அங்கே சேர்ந்துகொண்டன. யேவ்லேயில் வேலை இழந்தவர்களுக்கு அது நகைச்சுவை அல்ல. ஆயினும் ஸ்வீடன்காரர்கள் அதைத் தம் நாட்டுக் கார் என்றே சொல்லி வாங்குகிறார்கள். 2024இல் ஸ்வீடன் மிட்டாய்மேல் அமெரிக்க இளைஞர்களுக்குத் திடீரெனப் பைத்தியம் பிடித்தபோது அங்கே அவர்களுக்கு ஒரே பெருமையாம். ஆலை எங்கே இருந்தால் என்ன, சனிக்கிழமை அவர்களிடம்தானே இருக்கிறது.

ஒரு வழக்கம் பண்பாடாக மாறும்போது அதன் காரணம் உதிர்ந்துவிடுகிறது. பொங்கலுக்கு ஏன் பொங்குகிறோம் என்று எண்ணிக்கொண்டா பொங்குகிறோம்? சனிக்கிழமை காலையில் காசை எண்ணி எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடும் ஸ்வீடன் குழந்தைக்கு லுண்டின் கதை தெரிய வேண்டியதில்லை. அந்த வயதில் தெரியவும் வேண்டாம். வளர்ந்தவர்களுக்குத் தெரிய வேண்டும். வருத்தப்படுவதற்காக அல்ல. தம் பிள்ளைகளின் பல்வரிசைக்குக் கடன் கொடுத்தவர்கள் இன்னார் என்று அறிவதற்காக. கேட்காமல் எடுக்கப்பட்ட கடன் அது. திருப்பித் தர வழியில்லாத கடனுக்குச் செய்யக் கூடியது, அவர்களைப் போன்றவர்கள் இன்று நம் முன்னால் நிற்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வதுதான். இது ஸ்வீடனுக்கு மட்டும் சொல்வதல்ல.

தம்பி இப்போதும் பேருந்து நிலையத்துப் படியில்தான் உட்கார்ந்திருக்கிறான். மருமகள் வரைந்து கொடுத்த கட்டங்களை நான் நகலெடுத்து வாரந்தோறும் ஒட்டுகிறேன். கடைக்காரர்களிடம் சொல்லி வைத்திருப்பதால் மற்ற நாட்களில் யாரும் எதுவும் தருவதில்லை. தந்தாலும் அவனே, "சனி" என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். அக்கா அனுப்பும் கார்கள் தீர்ந்துபோன மாதங்களில், சனிக்கிழமை மாலை அவனைக் கடைக்குக் கூட்டிப்போய் நிறுத்துகிறேன். கண்ணாடிப் புட்டிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கடைக்காரர் பொறுமையிழந்து ஏதாவது ஒன்றை எடுத்து நீட்டுவார். "இருங்கண்ணே, அவனே சொல்லுவான்" என்பேன். சில நாள் கால்மணி நேரம் கூட ஆகிவிடும்.